சிலிப்பர் போட்டு வரலாமா?

"தம்பி, சிலிப்பர் போட்டு வரலாமா?"

கேட்டவர் எதிர் பிளாட்டில் குடியிருக்கும் ஓர் அம்மா. எழுபதுக்கு ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை வாசலில், ஒரு கையில் ரொட்டி சானாய்ப் பொட்டலம், இன்னொரு கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய பருப்புக் குழம்பு, அப்படியே நின்றுகொண்டு கேட்டார்.

ஜூலையில் எங்கள் நூலகத்தில் ஒரு வாரம் கலை நிகழ்ச்சிகள் நடந்தன. எல்லாம் இலவசம், யாரும் வரலாம் என்று போஸ்டரில் மூன்று மொழியில் போட்டிருந்தோம். அந்த வாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். எங்கள் நூலகத்துக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு ரோடும் ஒரு பெரிய வடிகாலும்தான். 19 வருஷமாக அங்கே இருக்கிறார். அவர் துணி காயப்போடும் இடத்திலிருந்து பார்த்தால் எங்கள் இரண்டாவது மாடி தெரியும், நான் ஜன்னலோரம் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவதுகூடத் தெரியும் என்று பிறகு சொன்னார். உள்ளே ஒரு தடவைகூட வந்ததில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பினாங்குத் தீவில் ஒரு கல்லூரி நூலகத்தில் 16 வருஷமாக வேலை. கல்லூரியின் பெயர் வேண்டாம், சில குறைகளையும் சொல்லப் போகிறேன், நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும். பதவி பெரிதில்லை. புத்தகங்களுக்கு எண் போடுவது, வருகிறவர்கள் கேட்பதைத் தேடிக் கொடுப்பது, ஏசி ஒழுகினால் வாளி வைப்பது, ராமபாணப் பூச்சி துளைத்த பழைய புத்தகங்களைத் தனியே எடுத்து வைப்பது. தமிழ் அலமாரி என் பொறுப்பு. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி முறை எங்களுடையது என்பதால் தமிழ் இலக்கியம் 894.811இல் இருக்கிறது. ஒரு மூலை, நான்கு அலமாரி.

இந்தக் கலை வாரம் எங்கள் புவானின் யோசனை. தலைமை நூலகரைத்தான் புவான் என்கிறேன், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். 2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன, அதனால் அந்த நாள் பினாங்கில் மட்டும் பொது விடுமுறை. அதையொட்டி நகரத்துக்குள் ஏதேதோ நடக்கும், வெளியூர்க் கூட்டம் குவியும், கார் நிறுத்த இடம் கிடைக்காது. நம்மிடம் கூடம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மாணவர்களும் இருப்பதில்லை, நாமும் செய்தால் என்ன என்று புவான் ஒரு கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம். கூட்டங்களில் தலையாட்டினால் பிறகு என்ன ஆகும் என்று தெரிந்திருந்தும் ஆட்டினோம். கிடைத்த பட்ஜெட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் வாழைமரம் கட்டித் தோரணம் போடவே சரியாகிவிடும்.

போஸ்டரில் ஆரம்பித்தது முதல் வம்பு. வடிவமைத்தது எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு சீனப் பெண், நன்றாகத்தான் செய்திருந்தாள், நிறம் எல்லாம் அருமை. நான் தமிழில் தட்டச்சு செய்து கொடுத்த வரியை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தாள். அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் பார்த்தால் "பொதுமக்கள்" என்ற சொல்லில் ப முன்னால் தனியாக நிற்கிறது, அதற்கு முன்னால் இருக்க வேண்டிய கொம்பு பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு, நொண்டியடித்து நிற்கிறது. நம் ஊரில் பாதி அறிவிப்புப் பலகைகளில் தமிழ் இப்படித்தான் இருக்கிறது, பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. அவளைக் குறை சொல்ல முடியாது, அவளுக்கு அது கோலம் மாதிரி. அந்த மென்பொருளில் இந்திய மொழிகளுக்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. காட்டிக்கொடுத்தேன். கொம்பு "டக்" என்று முன்னால் தாவியதைப் பார்த்து அவள் கைதட்டினாள். இந்த ஐந்து நிமிஷத்தை யாரும் செலவழிக்காததால்தான் இத்தனை பலகைகளும் நொண்டுகின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, போஸ்டர் ஒட்டியாயிற்று. முகநூலில் போட்டாயிற்று. முன்பதிவுக்கு ஒரு கூகள் படிவம், அதற்கு ஒரு கியூஆர் குறியீடு. முதல் நாள் மாலை கூடத்தில் 60 நாற்காலி போட்டோம். வந்தவர்கள் 11 பேர். அதில் 7 பேர் எங்கள் ஆட்கள், ஒருவர் மின்சாரம் பார்க்க வந்தவர். அன்றைக்குச் சீனக் கைப்பாவைக் கூத்து, ஹொக்கியனில் போத்தேஹி என்பார்கள், சீனர்களின் பேய் மாதம் வந்தால் தெருக்கோயில்களில் நடக்கும். அந்தக் கலைஞர்கள் 60 நாற்காலியைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் முழு ஆட்டத்தையும் ஆடினார்கள். தெருவில் தெய்வத்துக்காக ஆடிப் பழகியவர்கள், நாற்காலி காலியாக இருப்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை போலிருக்கிறது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் போரியா, பினாங்கு மலாய்க்காரர்களின் பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகம், 19 பேர். கொஞ்சம் பரவாயில்லை.

அன்றைக்கு ராத்திரி மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு யோசித்தேன். இலவசம் என்கிறோம், ஏன் வரவில்லை? நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினால் எத்தனை சொந்தக்காரர்கள் வருவார்கள்? "நேர்ல வந்து ஒரு வார்த்தை கூப்பிடல" என்று பத்து வருஷம் பேசாமல் இருப்பார்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீராவது குடித்துவிட்டு, "கண்டிப்பா வந்துரணும்" என்று சொன்னால்தான் அது அழைப்பு. நாங்களோ நிஜமாகவே ரோட்டுக்கு எதிரில் இருக்கிற ஆளிடம் கியூஆர் குறியீட்டைக் காட்டியிருக்கிறோம்.

அடுத்த நாள் காலையில் வேலைக்கு முன்னால் பிளாட்டுக்கே போனேன். கீழே காய்கறி விற்கிற அக்கா, முடிதிருத்தும் கடை, பிளாட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன அம்மன் கோயில், சூராவ் என்கிற சின்னத் தொழுகை இடத்தின் வாசலில் உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று பெரியவர்கள், கடைசியாக மாமாக் கடை. "இன்னைக்கு சாயங்காலம் நெழல்பாவைக் கூத்து, வாங்க." அவ்வளவுதான் சொன்னேன். அங்கேதான் அந்த அம்மா கேட்டார்.

கேள்வி எனக்கு உடனே புரியவில்லை. பிறகுதான் எங்கள் வாசல் பலகை ஞாபகம் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், நம் நாட்டில் எந்த அலுவலக வாசலிலும் இருக்கும். ஜப்பான் சிலிப்பர் படம், மேலே சிவப்புக் கோடு. அரைக்கால் சிலுவார், சிவப்புக் கோடு. கையில்லாத சட்டை, சிவப்புக் கோடு. நான் 16 வருஷமாக ஷூ போட்டுக்கொண்டு அந்தப் பலகையைத் தாண்டிப் போகிறேன், அது என்னைப் பற்றியதே இல்லை என்பதால் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அந்த அம்மா 19 வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரிடம் வேறு செருப்பு இல்லாமலா இருக்கும்? கோயிலுக்குப் போட ஒன்று, கல்யாணத்துக்குப் போட ஒன்று கண்டிப்பாக இருக்கும். ஆனால் ரோட்டைத் தாண்டி எதிர் வீட்டுக்குப் போக யாராவது கல்யாணச் செருப்பை எடுத்துப் போடுவார்களா?

"வாங்கம்மா, போட்டுக்கிட்டே வாங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. பிறகு போய்ப் புவானிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். "அந்தப் பலகையில் சிலிப்பர் படமும் இருக்கிறதா?" என்று கேட்டார். அவரும் கவனித்ததில்லை. வாசல் காவலாளியை, ஜாகா என்போம், கூப்பிட்டு, இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் எடுத்து உள்ளே வை என்றார். எங்கள் ஜாகா நேபாளி, முன்னாள் ராணுவக்காரர், எதைச் சொன்னாலும் சல்யூட் அடித்துத்தான் செய்வார். பலகையைக் கழற்றித் தன் கூண்டுக்குப் பின்னால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார், தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளை மாதிரி.

இந்த இடத்தில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது பால் எடுத்தவர். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் துறை தொடங்குவது பற்றிப் பேச்சு வந்தபோது அதில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். "தமிழ் எங்கள் உயிர்" என்று ஒரு நிதி திரட்டினார். பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்காக. அப்போது அந்தப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது, பிறகுதான் துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1956இல் துறை தொடங்கியது, 60களில் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் அதன் தலைவராக இருந்தார், இதெல்லாம் எழுதப்பட்ட வரலாறு. தாத்தா சொல்கிற வரலாறு வேறு. "ரெண்டு வெள்ளி குடுத்தேன்டா. அங்க நம்ம ரெண்டு வெள்ளி புஸ்தகமா இருக்கு." வெள்ளி என்றால் அந்தக் காலத்து மலாயா டாலர். சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கோலாலம்பூருக்கு இரண்டு மூன்று தடவை கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போயிருக்கிறார், அந்த நூலகத்துக்குப் போனதில்லை. ஏன் தாத்தா என்று கேட்டதற்கு, "நம்மள உள்ள விடுவானா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வருமா என்று கேட்பது மாதிரி கேட்டார்.

நான் படிக்கிற காலத்தில் அங்கே போனேன். தமிழ் அலமாரிகளுக்கு நடுவில் நின்று எது தாத்தாவின் இரண்டு வெள்ளியாக இருக்கும் என்று முதுகு பிய்ந்த புத்தகங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்க முடியுமா என்ன. பக்கத்து மேசையிலிருந்த ஒரு பெண் நான் ஏதோ திருட வந்தவன் என்பது மாதிரி பார்த்ததுதான் மிச்சம்.

காசு கொடுத்தவர்களே உள்ளே வரத் தயங்குகிற இடத்தை நாம் பொது நூலகம், திறந்த நூலகம் என்று என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டாலும், அதன் வாசலில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. கட்டணம் அதில் கடைசிதான். அதை எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, "இலவசமாகக் கொடுத்தும் நம் ஜனங்கள் வரமாட்டார்கள்" என்று புலம்புகிறவர்களை எனக்குத் தெரியும். நானே அப்படிப் புலம்பியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் 60 நாற்காலியும் போதவில்லை. பாய் விரித்தோம். வாசலில் கழற்றிப் போட்ட சிலிப்பர்களைப் பார்த்தால் கோயில் மாதிரி இருந்தது. யாரும் கழற்றச் சொல்லவில்லை, கம்பளம் விரித்திருந்ததைப் பார்த்து அவர்களாகவே கழற்றிவிட்டார்கள். போட்டுக்கொண்டு வர அனுமதி வாங்கியதெல்லாம் வீண்.

நிழல்பாவைக் கூத்து கிளந்தான் பாணியில் நடந்தது. வெள்ளைத் திரை, பின்னால் ஒரு விளக்கு, மாட்டுத்தோலில் வெட்டிய பாவைகள், அத்தனை பாத்திரத்துக்கும் குரல் கொடுக்கும் ஒரே ஒரு தோக் டாலாங். பக்கத்தில் செருனாய் என்று ஒரு குழல், நாகசுரத்துக்குத் தங்கை முறை. கதை நம் ராமாயணம்தான், ஆனால் அங்கே போய்க் கொஞ்சம் மலாய்க்காரனாகிவிட்ட ராமாயணம். ராமன் செரி ராமா, சீதை சித்தி தேவி, ராவணன் மகாராஜா வானா, லட்சுமணன் லக்சமானா. மலாயில் லக்சமானா என்றால் கடற்படைத் தளபதி என்றும் அர்த்தம், அண்ணனுக்குக் காவலாக நின்றே பதவி வாங்கிவிட்டான் மனுஷன்.

என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, மகாராஜா வானா திரைக்கு வந்ததும் என் முட்டியில் தட்டினார்.

"இது நம்ம ராவணன்தானே? பத்துத் தல எங்க?"

முன்வரிசையில் இருந்த ஒரு மலாய்ப் பையன், எட்டு வயது இருக்கும், திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் புரியவில்லை, "ராவணன்" மட்டும் புரிந்தது. "வானா, நேனேக், வானா" என்று திருத்தினான். பாட்டி விடவில்லை, விரல்களைப் பத்தும் விரித்துத் தன் தலைக்குப் பின்னால் வைத்துக் காட்டினார். பையன் வாயைப் பிளந்தான். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும் வரை அவன் திரையைப் பார்த்ததைவிடப் பாட்டியைத்தான் அதிகம் பார்த்தான். கோமாளிகள் வாக் லோங்கும் பாக் டோகோலும் வந்து அடித்த கூத்துக்குப் பாட்டி சிரித்த சிரிப்பில் பாதி மொழி புரிந்து சிரித்தது, மீதி பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள் என்பதால் சிரித்தது. நாமும் எத்தனையோ தமிழ்ச் சொற்பொழிவுகளில் அப்படித்தானே சிரிக்கிறோம்.

அடுத்த நாள் உறுமி மேளம். இதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்ன ஒரே ஆள் நான்தான். ஆமாம், ஒரே தமிழன் நான்தான் வேண்டாம் என்றேன். கண்ணாடிக் கதவு, சத்தம், மேல்மாடியில் படிக்கிறவர்கள் என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. உறுமிக் குழு என்றால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் கூட்டமாக வருகிற பையன்கள், சாயம் போட்ட முடி, சண்டை என்று என் தலைக்குள் ஒரு படம் இருந்தது. படித்த தமிழன் நூலகத்தில் தமிழ்ப் பண்பாடு என்றால் பரதநாட்டியமும் வீணையும் வைக்க வேண்டும் என்று நினைக்கிற புத்தி. புவான்தான், "போன தைப்பூசத்தில் கேட்டேன், அந்த மேளம் என் மார்புக்குள் அடித்தது" என்று சொல்லிச் சேர்த்தார்.

வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் இருபதுகளில். உறுமி எப்படிச் சத்தம் போடுகிறது என்று நான் அதுவரை கிட்டே நின்று பார்த்ததில்லை. இடுப்பு ஒடுங்கிய மேளம், இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கத்தை அடிக்கிறார்கள். மறுபக்கத்தை அடிப்பதில்லை, வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பில்தான் வயிற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஓர் உறுமல் எழுகிறது. கண்ணாடிக் கதவு நான் சொன்னது மாதிரியே அதிர்ந்தது. உடையவில்லை.

முடிந்த பிறகு அதில் ஒரு பையன், பகலில் உணவு டெலிவரி ஓட்டுகிறவன், நெற்றியில் வியர்வையோடு என்னிடம் வந்து, "அண்ணே, மேளத்தப் பத்தி புக் ஏதும் இருக்கா?" என்று கேட்டான். கணினியில் உட்காரவைத்தேன். ஆங்கில எழுத்தில் இசை என்று அடித்தான். ஒன்றும் வரவில்லை. எனக்குத் தெரியும், வராது. எங்கள் பட்டியலில் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பதிவதற்கு அமெரிக்க நூலகங்களின் ஒரு முறை இருக்கிறது, அதில் ச என்றால் எஸ் கிடையாது, சி. த என்றால் டி மட்டும், எச் சேர்க்கக் கூடாது. இசை என்று தேடுகிறவன் எஸ்ஸுக்குப் பதில் சி போட்டு, "இகை" என்று படிக்கிற மாதிரி அடிக்க வேண்டும். சிலப்பதிகாரமும் சி எழுத்தில்தான் ஆரம்பிக்கும், திருக்குறளில் எச் இருக்காது. உலகத்தில் எந்தத் தமிழனும் கைப்பேசியில் அப்படி அடிப்பதில்லை. ஆராய்ச்சியாளர்களுக்கு அது சரி, காரணத்தோடுதான் செய்திருக்கிறார்கள். ஆனால் நான் 16 வருஷமாக அந்த முறைப்படி கவனமாக, ஒரு புள்ளி பிசகாமல் பதிந்து வைத்ததெல்லாம் இந்தப் பையனைப் பொறுத்தவரை பூட்டி வைத்ததுதான். சி போட்டுக் காட்டினேன். மூன்று தலைப்பு வந்தது. "ஏண்ணே இப்படி?" என்றான். பதில் சொல்லாமல் அலமாரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மூன்று புத்தகமும் தமிழ்நாட்டில் அச்சடித்தவை. கோயில் இசை, பண், ராகம். இந்த ஊர் உறுமியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புரட்டிவிட்டு, நன்றி சொல்லி, திரும்ப வைத்துவிட்டான்.

இனி ஸ்கேனர் மேசை. வாரம் முழுக்க பகலில் சும்மா இருக்கக் கூடாதே என்று நான் ஒப்புக்குப் போட்ட யோசனை அது. பழைய போட்டோ, பழைய கடிதம், தோட்டத்துப் பள்ளி ரிப்போர்ட் கார்டு, எதுவாக இருந்தாலும் கொண்டுவாருங்கள், ஸ்கேன் செய்து உங்களுக்கு ஒரு பிரதி, உங்களுக்குச் சம்மதம் என்றால் எங்களுக்கு ஒரு பிரதி. முதல் இரண்டு நாள் ஈ ஓட்டினோம். நிழல்பாவை பார்த்துவிட்டுப் போனவர்கள் மறுநாள் பையோடு வந்தார்கள். பிஸ்கட் டின், சேலையில் சுற்றிய ஆல்பம், ஒருவர் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்ததை ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்தார். வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் செய்யுங்கள். பென்சிலில் எழுதியிருக்கிற பெயர், ஸ்டூடியோ முத்திரை எல்லாம் பின்னால்தான் இருக்கும்.

தமிழ் முஸ்லிம் மாமா ஒருவர் தன் தாத்தாவின் படத்தைக் கொண்டுவந்தார். தோளில் கம்பு, இரண்டு பக்கமும் தொங்கும் பானைகள், ஒன்றில் சோறு, ஒன்றில் குழம்பு. நாசி கண்டார் என்கிறோமே, அந்தக் கண்டார் இந்தக் கம்புதான். காவடி மாதிரி தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றிருக்கிறார். பேரன் இப்போது ஏசி போட்ட கடை வைத்திருக்கிறார். படத்தில் தாத்தாவின் காலைப் பார்த்தேன். செருப்பே இல்லை.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்தார். வாசலில் ஏதோ தாமதம் என்று போய்ப் பார்த்தால், ஜாகா வழக்கப்படி ஐசியை, அடையாள அட்டையை, கேட்டிருக்கிறார், வெளியாள் என்றால் ஐசியை வாங்கி வைத்துக்கொண்டு பாஸ் கொடுப்பது வழக்கம். பலகையைக் கழற்றச் சொன்ன நாங்கள் இதை மறந்துவிட்டோம். அம்மா கைப்பையைத் திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெதுவாக எடுத்து, உள்ளங்கையில் மறைத்து, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி காட்டினார். சிவப்பு ஐசி. இந்த மண்ணில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் இல்லை, எழுபது வயது நெருங்குகிறது, இன்னும் நிரந்தரவாசிதான். எங்கள் நூலகத்துக்கு வர எந்த நிற ஐசியானாலும் ஒன்றுதான், ஜாகாவுக்கும் அது தெரியும். ஆனால் வாழ்க்கை முழுக்க கவுண்டர் கவுண்டராக அதை நீட்டி, எதிரில் இருக்கிற முகம் மாறுவதைப் பார்த்தவருக்கு அது எப்படித் தெரியும். "என் கெஸ்ட்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு படம். தபால் அட்டை அளவு. சுவெட்டன்ஹம் துறைமுகம், கூட்டம், பின்னால் ரஜூலா கப்பலின் பக்கவாட்டு. 1926இலிருந்து ஐம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இந்தக் கரைக்கும் நடுவில் ஓடிய கப்பல், நம் பாதிக் குடும்பங்கள் அதில்தான் வந்து இறங்கின. இந்தப் படம் வந்தபோது எடுத்ததில்லை, போனபோது எடுத்தது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று ஆனதும், சுமார் 60,000 பேர் திரும்பிப் போனார்கள் என்பார்கள். அதில் இவர் அப்பாவும் அண்ணனும் இரண்டு பேர். அம்மாவும் இவரும் பின்னால் வருவதாக ஏற்பாடு. அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது, பிறகு கடிதம் வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றது. இவ்வளவுதான் சொன்னார், அழவில்லை, நானும் துருவிக் கேட்கவில்லை.

600 டிபிஐயில் ஸ்கேன் செய்து திரையில் போட்டேன். கட்டை விரல் நகத்தளவு இருந்த முகம் உள்ளங்கை அளவுக்கு வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, திரைக்குப் பக்கத்தில் போனார். "அண்ணன் சட்டையில பட்டன் ஒண்ணு இல்ல பாருங்க" என்றார். "நான்தான் தெச்சுக் குடுக்கணும்னு எடுத்து வச்சேன். அவசரத்துல அதப் போட்டுக்கிட்டு கெளம்பிட்டாரு."

ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கையில் இருந்த படம். அந்தப் பட்டன் இத்தனை நாளும் அவர் ஞாபகத்தில் மட்டும்தான் இருந்தது.

வாரம் முடிந்தது. 212 படங்கள் சேர்ந்தன. புவான் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை செலவு, அட்டவணை போட்டு. திங்கட்கிழமை காலை வாசலில் பலகை திரும்ப ஏறிவிட்டது. மேலிடத்தின் விதி, நூலகத்துக்கு மட்டும் தனியாக மாற்ற முடியாதாம். புவான் கடிதம் எழுதியிருக்கிறார், எழுதிக்கொண்டே இருக்கிறார். எனக்கு அதில் எரிச்சல்தான், மறைக்கவில்லை. ஜாகா தன் அளவில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பிளாட்டிலிருந்து யாராவது வருவது தெரிந்தால் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறார். ஆறடி ஆள், படம் முழுக்க மறைந்துவிடும்.

போன வாரம், செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன், அம்மா வந்தார். சிலிப்பரோடு. நான் அப்போது அந்த 212 படங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பதிவு போட்டுக்கொண்டிருந்தேன், சரியாக அவருடையதில் நின்றிருந்தேன். தலைப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது. அவரையே கேட்டேன். யோசிக்காமல் "அண்ணன் போன கப்பல்" என்றார். தமிழில் அடித்தேன். கீழே ரோமன் கட்டத்தில் முறைப்படி ஒரு தடவை அடித்தேன். அப்புறம் அதற்குக் கீழே இன்னொரு வரி திறந்து, அந்த மேளக்காரப் பையன் கைப்பேசியில் எப்படி அடிப்பானோ அப்படியும் ஒரு தடவை அடித்தேன்.

அடுத்த கட்டம், இடம். துறைமுகத்தின் பெயரை எழுதினேன். "அது கப்பல் நின்ன எடம்" என்றார் அம்மா. "நாங்க இருந்த தோட்டத்தப் போடுங்க." பெயரைச் சொன்னார். வரைபடத்தில் தேடினேன், இல்லை. கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம் ஜனங்கள் வைத்த பெயர் ஒன்று, அப்படித்தானே எல்லாத் தோட்டத்துக்கும். கம்பெனி வைத்தது என்ன பேரு அம்மா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஆபீசு கிராணிக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தத் தோட்டத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று வழி சொல்ல ஆரம்பித்தார்.